சமையலறை மேசையில் பிறந்த கண்வில்லை: ஒட்டோ விக்டர்லேயின் வாழ்க்கை

1961ஆம் ஆண்டு நத்தார் தினம். செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராக்கில் ஒரு வீட்டின் சமையலறை மேசையில் விசித்திரமான இயந்திரம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அதன் சட்டகம் சிறுவர்கள் வீடு கட்டி விளையாடும் மேர்க்கூர் என்ற இரும்புத்துண்டு விளையாட்டுப் பொருளால் ஆனது. சுழற்றியது மகனின் சைக்கிளிலிருந்து கழற்றிய டைனமோ. மின்சாரம் வந்தது அழைப்புமணிக்கான சிறிய மின்மாற்றியிலிருந்து. அன்று பின்னேரம் அந்த இயந்திரத்திலிருந்து நான்கு மென்மையான கண்வில்லைகள் கிடைத்தன. செய்தவர் அவற்றைத் தன் கண்களிலேயே போட்டுப் பார்த்தார். பார்வைக்கான அளவு பொருந்தவில்லை. ஆனால் கண் உறுத்தவில்லை.

அவர் ஒட்டோ விக்டர்லே. நாடறிந்த இரசாயனவியல் பேராசிரியர், ஒரு ஆய்வு நிறுவனத்தின் தலைவர். அப்படிப்பட்டவர் ஏன் வீட்டுச் சமையலறையில் விளையாட்டுப் பொருட்களோடு மல்லுக்கட்டினார் என்பதற்கு, அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்க்கவேண்டும்.

விக்டர்லே 1913 ஒக்டோபர் 27ஆம் திகதி மொராவியாவின் புரொஸ்டேயோவ் நகரில் பிறந்தார். தந்தை விவசாய இயந்திரங்களும் பின்னர் கார்களும் செய்த தொழிற்சாலையின் பங்காளர். தொழிற்சாலைக்கு அருகில் வளர்ந்த மகன் இரசாயனவியலைத் தேர்ந்தெடுத்தார். பிராக்கில் உள்ள செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1936இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார்.

1939 மார்ச் மாதத்தில் நாசிப்படை நாட்டுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி பிராக் வீதிகளில் நடந்த ஆர்ப்பாட்டத்தின்மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. காயமடைந்த மருத்துவ மாணவன் யான் ஒப்லெட்டால் நவம்பரில் இறந்துபோனான். அவனுடைய இறுதி ஊர்வலம் மீண்டும் ஆர்ப்பாட்டமாக மாறியது. நவம்பர் 17ஆம் திகதி படையினர் மாணவர் விடுதிகளைச் சுற்றிவளைத்தார்கள். ஒன்பது பேர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டார்கள். 1,200க்கும் மேற்பட்ட மாணவர்கள் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். செக் மொழியில் இயங்கிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் மூடப்பட்டன. அது எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும் என்று இந்த வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆய்வுகூடத்தை இழந்த விக்டர்லேக்கு ஸ்லின் நகரில் இருந்த பாட்டா சப்பாத்து நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கே 1941இல் அவரும் அவருடைய குழுவினரும் நைலோன் வகையைச் சேர்ந்த செயற்கை நூலிழை ஒன்றை உருவாக்கினார்கள். சிலோன் என்று பெயர் பெற்ற அந்த நூலிழை போருக்குப் பின்னர் அந்த நாட்டில் காலுறை முதல் பல பொருட்களுக்குப் பயன்பட்டது. ஆனால் 1942இல் கெஸ்டாப்போ இரகசியப் பொலிஸ் அவரைக் கைது செய்தது. சில மாதங்கள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார்.

போர் முடிந்ததும் மீண்டும் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். பாடநூல்கள் எழுதினார். 1952இல் பிராக்கில் புதிதாக அமைக்கப்பட்ட இரசாயனத் தொழில்நுட்பக் கல்லூரியில் பீடாதிபதியானார். அதே ஆண்டு ஒரு ரயில் பயணத்தில்தான் கண் பற்றிய எண்ணம் வந்தது. பக்கத்தில் இருந்த பயணி ஒரு மருத்துவ சஞ்சிகையை வாசித்துக்கொண்டிருந்தார். அதில் கண்குழிக்குள் வைக்கும் உலோகப் பகுதி பற்றிய படம் இருந்தது. உடலோடு ஒத்துப்போகாத உலோகத்தை வைப்பதைவிட, நீரை உறிஞ்சி உடலின் திசுவைப்போல மென்மையாக இருக்கும் ஒரு பிளாஸ்ரிக்கைச் செய்யலாமே என்று விக்டர்லே அவரிடம் சொன்னார். அந்தப் பயணி சுகாதார அமைச்சோடு தொடர்புள்ள வைத்தியர். பேச்சு அதோடு நின்றுவிடவில்லை.

விக்டர்லேயும் அவருடைய இளம் சகா ட்ரஹொஸ்லாவ் லிமும் அந்தப் பொருளைச் செய்துகாட்டினார்கள். ஹைட்ரொக்சி எதில் மெதக்ரிலேட் என்ற திரவத்தின் சிறு மூலக்கூறுகளை நீண்ட சங்கிலிகளாகப் பிணைத்து, அந்தச் சங்கிலிகளை இடையிடையே குறுக்காகவும் பிணைத்தால் ஒரு வலை உருவாகும். உலர்ந்திருக்கும்போது அது கண்ணாடிபோலக் கடினமானது. நீரில் போட்டால் ஊறிப் பருத்து, ஜெலி போல வளையும். ஊறிய நிலையில் அதன் நிறையில் ஏறத்தாழ 38 வீதம் நீர். ஒளி தடையின்றி ஊடுருவும். அந்த நீரின் ஊடாக ஒட்சிசனும் செல்லும். இரத்தக்குழாய்கள் இல்லாத விழிவெண்படலம் காற்றிலிருந்தே ஒட்சிசனைப் பெறுவதால், இது மிக முக்கியமானது. இந்த ஆய்வு 1960இல் நேச்சர் சஞ்சிகையில் வெளியானது.

அதற்கு முன்னரும் கண்வில்லைகள் இருந்தன. 1888இலேயே அடொல்ஃப் ஃபிக் என்ற வைத்தியர் கண்ணாடியில் செய்திருந்தார். 1940களின் இறுதியில் கடினமான பிளாஸ்ரிக் வில்லைகள் வந்தன. அவை ஒட்சிசனைத் தடுத்தன. பலரால் நாள் முழுவதும் தாங்கமுடியவில்லை.

பொருள் கிடைத்துவிட்டது, வில்லையாக்குவதுதான் கடினமாக இருந்தது. மூடிய அச்சுக்குள் திரவத்தை இறுகவைத்தால், அச்சைத் திறக்கும்போது மெல்லிய ஓரங்கள் கிழிந்தன. இதற்கிடையில் 1958இல் அரசியல் களையெடுப்பு ஒன்றில் விக்டர்லே கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். விஞ்ஞானக் கழகம் அவரைப் புதிய பெருமூலக்கூற்று இரசாயன நிறுவனத்துக்குத் தலைவராக்கியது. ஆனால் மென்வில்லையால் பயனில்லை என்று அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். நிறுவனத்தில் அந்த வேலை நிறுத்தப்பட்டது. அதனால்தான் அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சமையலறை இயந்திரத்தின் தத்துவம் எளிமையானது. குழிவான, திறந்த அச்சுக்குள் ஒரு துளி திரவம் விடப்படும். அச்சு சுழலும்போது திரவம் விளிம்பை நோக்கிப் பரவி, நடுவில் குழிவடையும். அந்த நிலையிலேயே அது இறுகிவிடும். வில்லையின் வெளிப்பக்கத்தை அச்சு தீர்மானிக்கிறது; உட்பக்கத்தைச் சுழலும் வேகம் தீர்மானிக்கிறது. அரைப்பதோ வெட்டுவதோ தேவையில்லை. அச்சும் வேகமும் திரவத்தின் அளவும் மாறாதவரை ஒவ்வொரு வில்லையும் ஒரேமாதிரி வரும். பிறகு உப்புநீரில் ஊறவைத்தால் வில்லை மென்மையாகிவிடும்.

சில நாட்களில் காப்புரிமை விண்ணப்பம் தயாரானது. அடுத்தடுத்த இயந்திரங்களில் சுழலும் அச்சுகள் கூடின. சைக்கிள் டைனமோ போதாமல் கிராமபோனின் மோட்டார் வந்தது. வைத்தியரான மனைவி லிண்டாவும் கூடவே நின்று வேலை செய்தார். 1962இன் முதல் நான்கு மாதங்களில் இருவருமாக அந்த வீட்டில் 5,500 வில்லைகளைச் செய்து முடித்தார்கள். பிராக் கண் வைத்தியசாலையில் மக்ஸ்மிலியான் ட்ரைஃபுஸ் என்ற வைத்தியர் நோயாளிகளுக்குப் போட்டுப் பரிசோதித்தார்.

அதன்பிறகு கண்டுபிடிப்பு கைமாறியது. 1965இல் விஞ்ஞானக் கழகம் காப்புரிமையை அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. கண்டுபிடித்தவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. அந்த நிறுவனத்திடமிருந்து பௌஷ் அன்ட் லொம்ப் உரிமம் பெற்றது. 1971இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்ததும் மென்வில்லை உலகச் சந்தைக்கு வந்தது. பின்னர் செக்கோஸ்லோவாக்கியா ஒரேயொரு தொகையை வாங்கிக்கொண்டு எஞ்சிய உரிமையையும் கைவிட்டது. கோடிக்கணக்கில் பணம் புரண்ட தொழிலில் விக்டர்லேக்குக் கிடைத்தது மிகச் சொற்பம்.

அதற்குள் நாட்டிலும் நிலைமை மாறியிருந்தது. 1968இன் பிராக் வசந்தத்தின்போது சீர்திருத்தம் கோரிய இரண்டாயிரம் சொற்கள் என்ற அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டிருந்தார். சோவியத் டாங்கிகள் வந்தபின் அதற்கு விலை கொடுக்கவேண்டியிருந்தது. 1970இல் நிறுவனத் தலைவர் பதவி பறிக்கப்பட்டது. வெளிநாட்டுத் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. கற்பிக்கும் வாய்ப்பும் குறைக்கப்பட்டது. உலகெங்கும் மக்கள் அவருடைய வில்லையை அணிந்துகொண்டிருந்தபோது, அவர் சொந்த நாட்டில் ஓரங்கட்டப்பட்டிருந்தார். ஆனாலும் வேலையை விடவில்லை. வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் ஏறத்தாழ 180.

1989 நவம்பர் 17ஆம் திகதி, பல்கலைக்கழகங்கள் மூடப்பட்ட ஐம்பதாவது ஆண்டை நினைவுகூர பிராக் மாணவர்கள் ஊர்வலம் சென்றார்கள். பொலிஸார் அவர்களை அடித்தார்கள். அந்த ஊர்வலத்திலிருந்தே ஆட்சியை வீழ்த்திய மக்கள் எழுச்சி தொடங்கியது. மறு ஆண்டு, 76 வயதில், விக்டர்லே செக்கோஸ்லோவாக்கிய விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார். தன் காப்புரிமையைச் சொல்லாமல் விற்ற அதே கழகத்தின் தலைமை. 1992இன் முடிவில் நாடு இரண்டாகப் பிரியும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

1998 ஓகஸ்ட் 18ஆம் திகதி மொராவியாவில் உள்ள ஸ்ட்ராஜிஸ்கோ கிராமத்தில் அவர் காலமானார். 3899 என்ற எண்ணுடைய சிறுகோளுக்கு அவருடைய பெயர் இடப்பட்டுள்ளது.

இன்று பெரும்பாலான வில்லைகள் வேறுவிதமாகச் செய்யப்படுகின்றன. இரண்டு பிளாஸ்ரிக் அச்சுகளுக்கு இடையில் திரவத்தை வைத்து புற ஊதாக்கதிரால் இறுகச்செய்து, நீரில் ஊறவைத்து, கமெராவால் குறைபாடு பார்த்து, உப்புநீரோடு சிறிய பொதியில் அடைத்து, நீராவிச் சூட்டில் கிருமிநீக்கம் செய்கிறார்கள். பொருளிலும் சிலிக்கோன் சேர்ந்துவிட்டது. ஆனால் நீர் ஊறிய பிளாஸ்ரிக்கைக் கண்ணில் வைக்கலாம் என்ற எண்ணம் மாறவில்லை. அந்த எண்ணம் பயனற்றது என்று மேலே இருந்தவர்கள் ஒருமுறை எழுதி மூடிவிட்டார்கள். மகனின் சைக்கிள் டைனமோவைக் கழற்றியவர் அதை ஏற்கவில்லை.