ஸ்டான்லி குப்ரிக்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகரில், 1928-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள் ஸ்டான்லி குப்ரிக் பிறந்தார். தந்தையார் மருத்துவர். மைந்தரோ பள்ளிப் பாடங்களில் நாட்டம் கொண்டாரல்லர். பெற்ற மதிப்பெண்களும் மிகக் குறைவே. தந்தையார் அவருக்குச் சதுரங்கம் கற்பித்தார். பதின்மூன்றாம் அகவையில் புகைப்படக் கருவி ஒன்றும் வாங்கித் தந்தார். இவ்விரண்டுமே அவருக்கு உண்மையான பள்ளிகள் ஆயின எனலாம். 1945-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மறைந்தபோது, துயரச் செய்தியைத் தாங்கிய தாள்களிடையே முகம் வாடி அமர்ந்திருந்த நாளிதழ் விற்பவர் ஒருவரை அவர் படமெடுத்தார். 'லுக்' என்னும் இதழ் அப்படத்தை விலைக்கு வாங்கியது; பின்னர் அவரையே தன் புகைப்படக்காரராகவும் அமர்த்திக்கொண்டது.

திரைப்படத்துறை புகுந்த குப்ரிக், போரின் கொடுமையையும் அணுகுண்டின் அச்சத்தையும் பொருளாகக் கொண்ட படங்களை ஆக்கிப் புகழ் பெற்றார். 1964-இல், இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கை நியூயார்க்கில் சந்தித்தார். இருவரும் கூடி ஆராய்ந்து உருவாக்கிய கதையே '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்னும் படமாயிற்று.

1965 டிசம்பரில் இங்கிலாந்தில் படப்பிடிப்புத் தொடங்கியபோது, மனிதன் நிலவில் கால் வைத்திலன். கண்டறியாத வெளியைக் கண்டாற்போலக் காட்டுதல் எளிதன்று. சுழற்சியால் எடையை உண்டாக்கலாம் என்னும் அறிவியல் உண்மையை விளக்க, ஏறத்தாழ 12 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் போன்ற அறையொன்றைக் குப்ரிக் செய்வித்தார். அறை சுழல, நடிகர் அதன் அடியிலேயே நடப்பார். திரையில் அவர் சுவரேறிக் கூரையிலும் நடப்பதாகத் தோன்றும். காற்றில்லா வெளியில் ஒலி பரவாது. ஆதலின் அவ்வெளியில் பொறிகளின் இரைச்சலை அவர் சேர்த்திலர். இன்றும் பல படங்கள் இவ்வுண்மையை மறந்து விண்ணில் வெடியோசை முழக்குகின்றன!

வியாழனை நோக்கிச் செல்லும் கப்பலை ஆள்வது 'ஹால் 9000' என்னும் கணிப்பொறி. அது பேசும், சதுரங்கம் ஆடும், தனக்குப் பிழை நேராது எனப் பெருமிதம் கொள்ளும். ஆனால் பிழை நேர்கின்றது. தன்னை நிறுத்தக் கருதிய மனிதரை அது கொல்லத் துணிகின்றது. எஞ்சிய ஒரு வீரர் அதன் நினைவுப் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கால், அஞ்சுவதாகக் கூறி இறைஞ்சுகின்றது. முடிவில் தொடக்க நாளிற் கற்ற பாட்டொன்றைக் குழறிப் பாடி அடங்குகின்றது. மாண்ட மனிதருக்கு உருகாத நெஞ்சமும் அப்பொறிக்கு இரங்கும்.

ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில் உருவான அப்படம் 1968 ஏப்ரலில் வெளிவந்தது. முதற்காட்சிகளில் பலர் இடையிலேயே எழுந்து சென்றனர்; நடை மந்தம் என்றும் பொருள் விளங்கவில்லை என்றும் திறனாய்வாளர் சிலர் பழித்தனர். நான்காண்டு உழைப்பு வீணாகுமோ என்னும் நிலை. குப்ரிக் தம் கையாலேயே 19 நிமிட அளவை வெட்டி நீக்கினார். பின்னர் இளைஞர் திரண்டு வந்து மீண்டும் மீண்டும் பார்த்தனர். காட்சி நுணுக்கங்களுக்காக 1969-இல் ஆஸ்கர் பரிசு கிடைத்தது. அவர் வாழ்நாளில் பெற்ற ஆஸ்கர் அஃதொன்றே. அவ்வாண்டு ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கினான்.

விண்வெளியை உலகுக்குக் காட்டிய அவர், வானூர்தியில் ஏற அஞ்சினார்! இங்கிலாந்திலேயே தங்கிப் படங்கள் ஆக்கி, 1999 மார்ச் 7-ஆம் நாள் இயற்கை எய்தினார். அன்புக்கு ஏங்கும் இயந்திரச் சிறுவன் ஒருவனைப் பற்றிய கதையைப் பல்லாண்டுகள் எண்ணி, முடிக்காமல் விட்டிருந்தார். நண்பர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அதனைப் படமாக்கி வெளியிட்டார். அவ்வாண்டு 2001.