இடையில் நின்ற சட்டக் கல்வி

பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் பெற்ற பட்டங்களை அடுக்கிச் சொல்லி மகிழும் நாம், இலண்டன் பட்டங்கள் ஒருமுறை கைநழுவியவை என்பதை மறந்துவிடுகின்றோம்.

1916இல் அவர் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் சேர்ந்தார். பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடியவே, 1917இல் படிப்பை நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் இசைந்தது ஒன்றே ஆறுதல்.

அக்கெடுவை அவர் எண்ணி எண்ணியே செலவிட்டார். பம்பாயில் மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். 1918 நவம்பரில் சைடனாம் கல்லூரிப் பேராசிரியரானார். பரேலின் சிறு குடியிருப்பில் வாழ்ந்து, சம்பளத்தில் ஒரு பகுதியை இல்லச் செலவுக்கு அம்மையார் இரமாபாயிடம் தந்து, எஞ்சியதைச் சேர்த்தார். அம்மையாரின் சிக்கனத்தை நம்மவர் போதிய அளவு பேசுவதில்லை. சேமிப்போடு கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பதேனா கடனாகத் தந்த 5,000 ரூபாயும் சேர, 1920இல் மீண்டும் கப்பலேறினார்.

இலண்டனில், அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது நுழைந்து மூடும்போதே வெளிவருவார். உணவு அரைகுறை, இரவிலும் படிப்பு. 1921இல் எம்.எஸ்ஸி. பட்டமும் அடுத்துப் பாரிஸ்டர் தகுதியும் கிட்டின. ரூபாய்ச் சிக்கல் பற்றிய ஆய்வேடோ 1923இல் திருத்தம் வேண்டித் திருப்பப்பட்டது. கைப்பொருள் தீர்ந்திருந்த அவர் பம்பாய் வந்து, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டிலேயே டி.எஸ்ஸி. பட்டம் அவரை வந்தடைந்தது.