தாம் காணாத ஊரைக் கட்டியவர்

ஆண்டுதோறும் மார்ச் 3-ஆம் நாள் மாலையில் நம் குடியிருப்புக் குடும்பங்கள் ஜூபிலி பூங்காவை நோக்கிப் புறப்பட்டு விடுகின்றன. சிறு பிள்ளைகள் தந்தையர் தோளில் அமர்ந்து விளக்கலங்காரத்தைக் கண்டு களிக்கின்றனர். பெரியோர் சிலையருகே சற்று நின்று வணங்கிச் செல்கின்றனர். அச்சிலைக்குரிய பெருமகனார் இவ்வூரில் ஒருநாளேனும் கால் வைத்தவர் அல்லர். இங்கு முதல் மண்வெட்டி விழுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். நம் பாட்டனார்களும் தந்தையரும் தென்னாட்டை விட்டுவந்து சோறுண்ட இந்த நகருக்குக் காரணரானவரின் வரலாற்றை நம் சங்க மலரில் ஒருமுறையாவது எழுதிவைப்பது நம் கடன் என்று கருதினோம்.

ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா 1839-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் குஜராத்திலுள்ள நவசாரியில் பார்சி குருமார் குடும்பத்தில் பிறந்தார். வழிவழியாக வேள்வித் தீயைப் பேணிவந்த அக்குடும்பத்தில் முதன்முதலாக வாணிபத்தில் இறங்கியவர் அவர் தந்தையார். மகன் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858-இல் தேர்ச்சி பெற்றார். மறு ஆண்டே ஹாங்காங்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே குடும்பத்தின் வாணிபம் பருத்தியிலும் அபினியிலும் நடந்தது. திரும்பும் கப்பலில் தேயிலையும் பட்டும் வந்தன. அபினி வாணிபம் அக்காலப் பம்பாய் வணிகர் பலரும் செய்ததே. ஆயினும் பெரியோர் வரலாற்றை எழுதும்போது அப்பக்கத்தை மட்டும் புரட்டாமல் விடுவது நேர்மையாகாது என்பது நம் எண்ணம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இந்தியப் பருத்திக்கு விலை வானளாவ ஏறியது. 1865-இல் போர் முடிந்ததும் அது பாதாளத்தில் வீழ்ந்தது. அவ்வேளையில் ஜாம்ஷெட்ஜி லண்டனில் இருந்தார். கையில் வைத்திருந்த பருத்திப் பத்திரங்கள் வெறுந்தாளாயின. ஓடி ஒளியாமல் கடன் கொடுத்தோரை நேரில் கண்டு, உள்ள நிலையை மறைக்காமல் உரைத்தார். அவர்களோ இவரையே கணக்கைத் தீர்த்துவைக்கும் பொறுப்பாளராக அமர்த்தி, மாதம் 20 பவுன் ஊதியமும் தந்தனர். திவாலான ஒருவரிடமே திவால் கணக்கை ஒப்படைப்பது வாணிப உலகில் எளிதில் நடப்பதா? டாட்டா என்னும் பெயருக்குக் கடல்கடந்த நாட்டில் கிடைத்த முதல் மதிப்பு இதுவேயென்று நாம் சொல்வோம். பொருள் குவிந்த நாளில் வந்ததன்று, பொருள் போன நாளில் வந்தது.

1868-இல் 21,000 ரூபாய் முதலுடன் தமக்கென ஒரு வாணிப நிலையத்தைத் தொடங்கினார். இடையில் சிஞ்ச்போக்ளியில் ஓர் எண்ணெய் ஆலையை வாங்கி நூலாலையாக மாற்றி விற்றார். பின்னர் லங்காஷயர் சென்று ஆலைத் தொழிலை நுணுகிக் கற்றார். அக்காலத்தில் ஆலை கட்டுவோர் அனைவரும் பம்பாயையே நாடினர். இவரோ பருத்தி விளையும் கரிசல் நாட்டின் நடுவே, நிலக்கரியும் நீரும் அருகில் கிடைக்கும் நாகபுரியைத் தேர்ந்தார். ஏரிக்கரைச் சதுப்பு நிலத்தை வாங்கி மண்ணிட்டு நிரப்பிய காலத்தில், பொன்னை மண்ணில் புதைப்பவருக்குப் பணம் தருவதில்லை என்று உள்ளூர் வட்டிக்கடைக்காரர் ஒருவர் மறுத்துவிட்டாராம். எம்பிரஸ் ஆலை 1877 ஜனவரி 1-ஆம் நாள் திறக்கப்பட்டது. புதைத்த மண் பொன்னாக விளைந்ததைப் பிற்காலத்தில் அவ்வட்டிக்கடைக்காரரே ஒப்புக்கொண்டார் என்பர்.

அவ்வாலையின் சிறப்பு இலாபத்தில் மட்டும் இல்லை. தொடக்கத்தில் விலை மலிவென்று வாங்கிய இயந்திரங்கள் காலை வாரிவிட்டன; அவற்றைத் தள்ளிவிட்டு நல்லனவற்றை வாங்கினார். அதன்பின் மலிவுச் சரக்கின் பக்கம் அவர் திரும்பியதாகத் தெரியவில்லை. லங்காஷயர் பழைய முறையை விடத் தயங்கிய காலத்தில், வளையக் கதிர்களில் நூற்கும் புதுமுறையை நாகபுரியில் சோதித்துப் பார்த்து ஏற்றார். பஞ்சுத் தூசியிலும் வெக்கையிலும் தொழிலாளர் வாடாதிருக்கக் காற்றோட்டத்துக்கும் ஈரப்பதத்துக்கும் கருவிகள் அமைத்தார். ஓய்வுக்கால நிதியை 1886-இலும், விபத்தில் அடிபட்டோர்க்கு உதவித்தொகையை 1895-இலும் ஏற்படுத்தினார். இவற்றைச் செய்யுமாறு எந்தச் சட்டமும் அன்று அவரை வற்புறுத்தவில்லை. விபத்து நட்டஈட்டுச் சட்டம் நம் நாட்டில் வந்தது 1923-இல்தான். இதைத் தருமம் என்று பலர் புகழ்வர். தொழிலாளி நலிந்தால் ஆலை நலியும் என்ற கணக்கும் அவர் உள்ளத்தில் இருந்தது. அக்கணக்கை நாம் குறையாகக் கருதவில்லை. தருமம் ஒருவர் மனநிலையோடு மாறிவிடும், கணக்கு அவருக்குப் பின்னும் ஏட்டில் நிற்கும்.

பெயரைக் காக்க அவர் என்ன விலை கொடுத்தார் என்பது 1886-இல் தெரிந்தது. குர்லாவில் நொடித்துப்போன ஆலை ஒன்றை வாங்கி, சுதேசி ஆலை என்று பெயரிட்டார். சுதேசி இயக்கம் எழுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முந்திய செய்தி இது! இயந்திரங்கள் சிதைந்து கிடந்தன; எதிர்பார்த்த வருவாய் வரவில்லை; எம்பிரஸ் ஆலையின் பங்குகள்கூட விலை சரிந்தன. டாட்டாவின் கை தவறிவிட்டது என்று சந்தையில் பேச்சு எழுந்தது. கைவிட்டிருந்தால் இழப்பு பணத்தோடு போயிருக்கும். அவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டுவந்து கொட்டினார். நாகபுரியிலிருந்து தேர்ந்த ஆட்களை வரவழைத்தார். ஆண்டுகள் சிலவற்றில் ஆலையை நிமிர்த்தினார்.

அந்நூல் சீனத்துக்குப் போகவேண்டும். கப்பல் வழியோ பி அண்டு ஓ என்னும் ஆங்கிலக் கம்பெனியின் பிடியில் இருந்தது. கட்டணமோ கழுத்தை நெரித்தது. 1893-இல் ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டு நிப்பான் யூசென் கைஷா கம்பெனியோடு உடன்பாடு கண்டு, தாமும் இரு கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி ஓட்டினார். எதிரிகள் கட்டணத்தை அடிமட்டத்துக்குத் தாழ்த்தினர். ஆதரவு தருவோம் என்ற பம்பாய் வணிகர் ஒவ்வொருவராக நழுவினர். டாட்டா கப்பல் வழி மூழ்கியது. ஜப்பானியக் கப்பல்கள் பம்பாய்க்கு வருவது மட்டும் நிற்கவில்லை. தோல்விதான், எனினும் தம் சரக்கு பிறர் கப்பலின் தயவில் உலகச் சந்தைக்குப் போகலாகாது என்று கருதிய இந்திய வணிகர் அக்காலத்தில் எத்தனை பேர்?

எகிப்தியப் பருத்தியை இந்நாட்டில் பயிராக்க முயன்றதும், பெங்களூரில் ஜப்பானிய முறையில் பட்டுப்புழுப் பண்ணை வைத்ததும் இக்காலத்தனவே. முன்னது பெரிதும் பயன் தரவில்லை. பின்னதன் பெயர் பெங்களூரில் ஒரு பேட்டையின் பெயராக இன்றும் வழங்குகிறது.

நிலைபேறுடைய வளர்ச்சி என்று இக்காலத்தார் பெரிதும் பேசுகின்றனர். அச்சொல் பிறவாத காலத்தில் ஜாம்ஷெட்ஜி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையைப் பார்த்தார். பம்பாய் ஆலைகள் தொலைவிலிருந்து வந்த நிலக்கரியை எரித்தன. நகரம் புகையில் மூழ்கியது. லோணாவளாவிலோ நான்கு மாதம் கொட்டும் மழை வீணே வழிந்தோடியது. அந்நீரை ஏரிகளில் தேக்கி, குழாய் வழியாக மலையடிவாரத்துக்கு இறக்கி, மின்சாரம் எடுத்தால் கரியும் வேண்டா, புகையும் இல்லை. இத்திட்டத்தை அவர் இறுதி நாள்வரை விடாது பற்றியிருந்தார். நிறைவேற்றியவர்கள் மைந்தர்களே: 1910-இல் கம்பெனி அமைந்தது, 1915-இல் கோபோலி நிலையத்தில், ஏறக்குறைய 1,700 அடி உயரத்திலிருந்து இறங்கிய நீர் பம்பாய் ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றியது. ஆனால் இதே வழியில் பின்னர் முல்ஷியில் அணை எழுந்தபோது நிலமிழந்த மாவள் உழவர்கள் 1921-இல் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாக்கிரகம் செய்தனர். புகையற்ற ஒளிக்கும் யாரோ ஒருவர் வயல் விலையாகியது. அது ஜாம்ஷெட்ஜியின் காலத்துக்குப் பிந்தியது எனினும், அவர் தொடங்கிவைத்த கதையின் பகுதியே.

அறிவு நிலையம் பற்றி விரிக்கின் பெருகும். 1892-லேயே மாணவர் மேனாடு சென்று பயிலக் கடனுதவி நிதி வைத்தார்; பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் அதனால் பயின்றோருள் ஒருவர். 1898-இல் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றுக்குத் தம் பம்பாய்ச் சொத்துக்களில் ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ளவற்றை அளிக்க முன்வந்தார். கர்ஸன் பிரபுவின் அரசாங்கம் ஐயங்களை எழுப்பிக் காலம் கடத்தியது. ஆனால் மைசூரில் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தினரான சர் கே. சேஷாத்திரி ஐயர், சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுக்கும் பணியைத் தொடங்கியவரும் அவரே. இத்திட்டத்துக்கு அவர் பேராதரவு காட்டினார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் தந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் 1911-இல் மாணவரை ஏற்றபோது இருவருமே உயிரோடில்லை.

அவர் கண்ணால் கண்ட பெருங்கனவு ஒன்றே: 1903 டிசம்பரில் திறக்கப்பட்ட தாஜ்மஹால் ஹோட்டல். கடல்வழி வரும் அயல்நாட்டார் இந்நாட்டை முதலில் காணும் இடம் அது என்பதால் செலவைப் பாராது கட்டினார்.

இனி இரும்பு. நாகபுரியை அடுத்த சாந்தா மாவட்டத்து இரும்புக் கனியைப் பற்றிய அறிக்கை ஒன்றை 1882-இல் படித்தது முதல் அவர் நெஞ்சில் அது கனன்றது. சுரங்கச் சட்டங்கள் வழிவிடாமையால் பதினேழு ஆண்டுகள் காத்திருந்தார். 1902-இல், அறுபத்துமூன்று வயதில், அமெரிக்கா சென்று உருக்காலைகளைச் சுற்றிப் பார்த்து, சார்லஸ் பேஜ் பெரின் என்னும் நிபுணரை அமர்த்தினார். தண்டவாளம் பற்றி ரயில்வே அதிகாரி ஒருவர் ஏளனம் செய்த கதையை நம் குடியிருப்புச் சிறுவரும் அறிவர், இங்கே கூறவில்லை.

நமக்கு முக்கியமானது அவர் அவ்வாண்டில் தம் மைந்தர் தோராப்ஜிக்கு எழுதிய கடிதம். ஆலை எங்கே அமையும் என்பதே அன்று முடிவாகவில்லை. ஆயினும் ஊரைப் பற்றி எழுதினார்: வீதிகள் அகலமாக இருக்கவேண்டும்; நிழல் மரங்கள் நடவேண்டும், அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று விரைவில் வளரும் இனமாக இருக்கவேண்டும்; புல்வெளியும் தோட்டமும் ஆடுகளமும் தாராளமாக விடவேண்டும்; இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வழிபடும் இடம் ஒதுக்கவேண்டும். முதலில் குடிவருவோர் மரம் வளரும்வரை வெயிலில் வாடக்கூடாது என்று எண்ணியன்றோ விரைவில் வளரும் மரத்தைக் கேட்டார்! நம் கோயில் மணி ஓசையும், மாலையில் பிள்ளைகள் பந்தாடும் திடலும் அக்கடிதத்தில் கருக்கொண்டவை.

1904 பிப்ரவரியில், மயூர்பஞ்சு சமஸ்தானத்தில் வளமான இரும்பு மலை இருப்பதாகப் புவியியல் அறிஞர் பி. என். போஸ் எழுதிய கடிதம் டாட்டா நிலையத்துக்கு வந்தது. அவரோ நோயுற்று ஐரோப்பா செல்லும் நிலையில் இருந்தார். மே 19-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள பாட் நாவ்ஹைமில் காலமானார். இங்கிலாந்தில் புரூக்வுட் இடுகாட்டில் அடக்கமானார்.

1907-இல் கம்பெனி தொடங்கியபோது லண்டன் பணச்சந்தை கைவிரித்தது. இந்தியர் ஏறத்தாழ 8,000 பேர் மூன்று வாரங்களில் பங்குத் தொகை முழுவதையும் கொண்டுவந்து குவித்தனர். சரியாக நூறாண்டுகள் சென்றபின், 2007-இல், அதே கம்பெனி பிரிட்டன், ஹாலந்து நாடுகளின் உருக்காலைகளைக் கொண்ட கோரஸ் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது.

சுவர்ணரேகையும் கர்காயும் கூடுமிடத்தருகே சாக்சி என்ற சிற்றூரில் 1908-இல் காடு திருத்தப்பட்டது. 1912 பிப்ரவரியில் முதல் எஃகு வார்ப்பு வெளிவந்தது. முதல் உலகப் போருக்குத் தண்டவாளம் தந்ததைப் பாராட்டி 1919-இல் வைசிராய் செம்ஸ்போர்டு பிரபு இவ்வூருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். காலிமாட்டி ரயில் நிலையம் டாட்டாநகர் ஆயிற்று. ஆதிக்குடிகள் வழங்கிவந்த சாக்சி என்ற பெயர், நாம் காய்கறி வாங்கச் செல்லும் கடைத்தெருப் பகுதிக்கு நின்றுவிட்டது.