அழுகைக்குச் சுருதி சேர்த்தவர்

கச்சேரியில் வித்துவான் இராகத்தை விரித்துப் பாடுங்கால் முன்னரே எழுதி வைத்ததைப் பாடுவதில்லை. அந்நேரத்தில் உள்ளத்தில் எழுவதே ஒலியாக வெளிப்படுகின்றது. மனோதர்மம் என்று நாம் போற்றும் இவ்வாற்றல் மேனாட்டு இசையிலும் உண்டு. அதனை அரங்கினின்றும் எடுத்துச் சென்று, பேச்சு வாராத குழந்தைகளின் பக்கத்தில் வைத்தவர் பால் நார்டாஃப் என்னும் அமெரிக்கர்.

அவர் 1909-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் பிறந்தார். நியூயார்க்கிலுள்ள ஜூலியார்டு இசைப்பள்ளியில் பயின்றார். பியானோ வாசிப்பதில் வல்லவர்; இசை இயற்றுவதிலோ அதனினும் வல்லவர். கம்மிங்ஸ் என்னும் கவிஞரின் கவிதைகளுக்குப் பண் அமைத்தார். மார்த்தா கிரகாம் அம்மையாரின் நாட்டியங்களுக்கும் இசை எழுதினார். குகன்ஹைம் அறநிதியின் உதவித்தொகை இருமுறை கிட்டியது. பார்டு கல்லூரியில் பேராசிரியர் பதவியும் வாய்த்தது. ஒருவன் வாழ்வில் இதற்கு மேல் வேண்டுவது யாது என்று உலகத்தார் கேட்பர்.

1958-இல் ஐரோப்பாவுக்குச் சென்றவர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் வாழும் இல்லங்களில் இசை செய்யும் தொண்டினைக் கண்டார். இங்கிலாந்திலுள்ள சன்ஃபீல்டு இல்லம் அவற்றுள் ஒன்று. கண்டது அவரை விடவில்லை. பேராசிரியர் பதவியைத் துறந்தார். ஐம்பது வயதில், குடும்பப் பொறுப்புள்ள எவரும் அஞ்சும் துணிவு இது. சன்ஃபீல்டில் ஆசிரியராயிருந்த கிளைவ் ராபின்ஸ் என்னும் இளைஞர் 1959-இல் அவருக்குத் துணையானார்.

இருவரும் வகுத்த முறை எளியது போலத் தோன்றும். நார்டாஃப் பியானோவின் முன் அமர்வார். ராபின்ஸ் குழந்தையின் அருகே நிற்பார். குழந்தையின் முன் ஒரு முரசும் வெண்கலத் தட்டும் இருக்கும். இன்ன பாட்டு என்னும் திட்டம் கிடையாது. குழந்தை முரசை வேகமாக அடித்தால் பியானோவும் விரையும். தயங்கினால் அதுவும் தயங்கும். ஓடினால் கால்களின் நடைக்கேற்பத் தாளம் பிறக்கும். தான் செய்வதை ஒருவர் கேட்கின்றார், விடை தருகின்றார் என்பது சிறிது சிறிதாகக் குழந்தைக்குப் புலனாகும். பின்னர்ப் பியானோ சற்றே முன் செல்லும். குழந்தை தொடர்கின்றதா என்று காத்திருக்கும். வித்துவானுக்குப் பக்கவாத்தியம் இசைந்து செல்வதை நாம் அறிவோம். இங்கோ குழந்தையே வித்துவான், பெரும்புலவர் பக்கவாத்தியம். கைதட்டல் பெற்றுப் பழகிய ஒருவருக்கு இந்த இடமாற்றம் எளிதாயிருந்திராது.

ஐந்தரை வயதுச் சிறுவன் ஒருவனை அவரிடம் அழைத்து வந்தனர். அறைக்குள் நுழைந்ததும் அவன் வீறிட்டு அலறினான். தாயரும் தந்தையரும் அத்தகைய அழுகையை எவ்வாறேனும் அடக்கவே முயல்வோம். நார்டாஃப் அடக்கவில்லை. அலறலின் சுருதியைச் செவியால் பற்றி, அதற்கு இணையான வன்மையோடு பியானோவை இசைத்தார், தாமும் பாடினார். அழுகையின் இடையிடையே இசையோடு பொருந்தும் ஒலிகள் எழுந்தன. அடுத்தடுத்த நாட்களில் அவ்வொலிகள் விடை கூறும் பாட்டாக மாறின. சிறுவன் அழுததே அவனுக்குரிய முதற் பாட்டாயிற்று.

1962 முதல் 1967 வரை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், ஆட்டிசம் என்னும் இயல்புடைய குழந்தைகளிடையே இருவரும் பணியாற்றினர். ஒவ்வோர் அமர்வும் ஒலிநாடாவில் பதிவாயிற்று. பின்னர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, குழந்தை எவ்விடத்தில் செவிசாய்த்தது, எவ்விடத்தில் இசைகாரர் அவசரப்பட்டார் என்று குறித்தனர். மனோதர்மம் என்றால் மனம்போன போக்கு என்று எண்ணுவோர் இவ்வுழைப்பினைக் கருதுதல் வேண்டும். எக்குழந்தையிடத்தும், குறை எத்துணைப் பெரிதாயினும், இசைக்கு இசையும் ஒரு குழந்தை உள்ளிருக்கின்றது என்பது அவர்தம் துணிபு.

இம்முறையால் குறை முற்றும் நீங்கும் என்று எவரேனும் கூறின் நம்பற்க. ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, ஆட்டிசத்தின் அறிகுறிகள் இதனால் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன என்று காட்டவில்லை. வேறு ஆய்வுகள் சில நன்மைகளைக் காட்டுகின்றன. மருந்துக்குரிய அளவுகோலால் இதனை அளப்பது தகுமா என்னும் வழக்கு அறிஞரிடையே உண்டு. வாய் திறவாத மகன் ஒருநாள் ஒரு சுரத்துக்கு விடை தந்தால், அதன் மதிப்பைப் பெற்றவளே அறிவாள்.

நார்டாஃப் 1977 ஜனவரியில் செருமனியின் ஹெர்டெக்கே நகரில் காலமானார். ராபின்ஸ் 2011 வரை வாழ்ந்து அப்பணியைத் தொடர்ந்தார். இருவர் பெயராலும் இலண்டனிலும் நியூயார்க்கிலும் நிலையங்கள் உள்ளன. இருவரும் எழுதிய பெருநூல் நார்டாஃப் மறைந்த அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அதனோடு ஒலிப்பதிவுகளும் சேர்ந்திருந்தன. இத்துறையில் புகும் மாணவர் அவற்றில் அச்சிறுவனின் அலறலையும் பியானோவின் விடையையும் கேட்டே பாடம் தொடங்குவதுண்டு.