இராசசுந்தரி தேவியார்

வங்க மொழியில் தம் வரலாற்றைத் தாமே முழு நூலாக எழுதிய முதற் பெண்மணி எனப் போற்றப்படுபவர் இராசசுந்தரி தேவியார். அந்நூலின் பெயர் ‘ஆமார் ஜீபன்’ என்பதாகும். ‘என் வாழ்க்கை’ என்பது அதன் பொருள். அரண்மனையில் வாழ்ந்த அரசியார் எவரும் எழுதிய நூலன்று அது. தம் இளமை முழுவதையும் அடுப்பங்கரையிற் கழித்த இல்லத்தரசியார் ஒருவர், பிறர் அறியாவண்ணம் தாமே எழுத்தறிந்து, முதுமைப் பருவத்தில் எழுதிய நூல்.

அம்மையார் 1810ஆம் ஆண்டையொட்டி, அந்நாளைய பாப்னா மாவட்டத்தில் போத்தாஜியா என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. தந்தையார் பத்மலோசன ராயர், மகளின் குழந்தைப் பருவத்திலேயே காலமானார். தாயார் அரவணைப்பில் வளர்ந்த இராசசுந்தரி மிகுந்த அச்சமுடைய சிறுமி. உடன் விளையாடும் சிறுமியர் அடித்தாலும் வாய்விட்டு அழமாட்டார். கண்ணீர் மட்டுமே பெருகும். அச்சம் வந்துற்றபோது குலதெய்வமாகிய தயாமாதவனை நினைக்கும்படி தாயார் கற்பித்தார். அச்சொல் அம்மையாரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

அவர்தம் வீட்டின் புறத்தே சிறுவர்க்கான பள்ளி ஒன்று நடைபெற்று வந்தது. பிற சிறுமியரிடம் அடிபட்டு வருந்தும் இவரைப் பாதுகாப்பாக அங்கே அமர்த்தி வைத்தனர். கற்பிப்பதற்காக அமர்த்தினர் என்று எண்ணிவிடலாகாது. சிறுவர்கள் தரையில் எழுத்துகளை எழுதி உரக்கச் சொல்வர்; சிறுமி வாய் திறவாது நாள்தோறும் அவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பத்து வயதானபோது அவ்வீடு தீப்பற்றி எரிந்தது. பள்ளியும் அத்துடன் அழிந்தது. காதில் விழுந்த எழுத்தொலிகள் மட்டும் நெஞ்சின் ஓரிடத்தில் தங்கிவிட்டன.

பன்னிரண்டாம் வயதில், பரீத்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ராம்தியா என்னும் ஊரிலிருந்த சீதாநாத சர்க்கார் என்பவருக்கு அவரை மணம் செய்து கொடுத்தனர். தாயைப் பிரிந்து சென்ற அந்த நாளைக் கூட்டில் அடைபட்ட பறவையின் நிலைக்கு ஒப்பிட்டுப் பிற்காலத்தில் அவர் எழுதினார். மாமியார் அன்புடையவர், புதிதாக வந்த சிறுமியை மடியில் வைத்துத் தேற்றியவர். அந்த அன்பினை அம்மையார் ஒருநாளும் மறந்தாரில்லை. சில ஆண்டுகளில் மாமியார் கண்ணொளி இழக்கவே, பெருங்குடும்பத்தின் வேலை முழுவதும் இளம் மருமகளின் தலைமேல் விழுந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து பேருக்கு இருவேளையும் உணவு சமைக்கவேண்டும். பதினெட்டாம் வயது முதற்கொண்டு பிள்ளைப் பேறுகளும் தொடர்ந்தன. பன்னிரு மக்களைப் பெற்ற அவர், அவர்களுட் பலரைத் தம் கண்முன்னரே இழந்தார்.

ஒருநாள் உண்ண அமரும் வேளையில் விருந்தினர் ஒருவர் வந்துவிட்டார். தம் உணவை எடுத்து அவருக்குப் படைத்தார் அம்மையார். இரவு மீண்டும் உண்ண முயன்றபோது காற்றும் மழையும் எழுந்து விளக்கு அவிந்தது. குழந்தையும் அழத் தொடங்கியது. அன்று ஒரு பிடி சோறும் அவர் வாயில் விழவில்லை. அதனை வீட்டில் எவரும் கேட்டாருமில்லை; அவர் எவரிடமும் சொன்னாருமில்லை.

நாணம் அக்காலத்தில் எத்துணை வரம்பு கடந்திருந்தது என்பதற்கு அவரே ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். கணவருக்கு ஜயஹரி என்னும் குதிரை ஒன்று இருந்தது. ஒருநாள் அது முற்றத்திற் குவித்திருந்த தானியத்தைத் தின்றது. அதனை விரட்டப் புறப்பட்ட அம்மையார், கணவருடைய குதிரையின் கண்ணிற் படுவதும் தகாது என அஞ்சி உள்ளேயே மறைந்து நின்றார். பின்னாளில் இதனை நினைந்து அவர் தம்மைத் தாமே எள்ளி நகைத்துக்கொண்டார். தம் பேதைமையை ஒளியாது எழுதும் இத்துணிவு, கற்றுத் தேர்ந்த பெரும்புலவரிடத்தும் எளிதிற் காணக்கூடியதன்று.

பெண் எழுத்தறிந்தால் கைம்மையுறுவாள் என்ற மூடநம்பிக்கை அந்நாளிற் பரவியிருந்தது. பெண்கள் ஏட்டைத் தொடுவதைக் கண்டால் முதியோர் கலி முற்றிவிட்டதென்று சினந்து பேசுவர். அத்தகைய வீட்டில் அம்மையாரின் உள்ளத்தில் ஓர் ஆசை முளைத்தது. இறைவன் புகழ் கூறும் நூல்களைத் தம் கண்களாலேயே படித்தல் வேண்டும் என்பதே அது. ஒரு நாள் இரவு ‘சைதன்ய பாகவதம்’ என்னும் நூலைத் தாம் படிப்பதாகக் கனவு கண்டார். மறுநாளே கணவர் அச்சுவடியுடன் சமையலறைப் பக்கம் வந்து, அது அங்கே இருக்கட்டும் என்று மூத்த மகனிடம் சொல்லி வைத்துச் சென்றார். இதனை இறைவனின் அருள் என்றே அம்மையார் கொண்டார்.

அக்காலத்து நூல்கள் இன்றுபோல் தைத்துக் கட்டப்பட்டவையல்ல. தனித்தனி ஏடுகளை மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டியிருப்பர். சட்டத்தின்மேல் சித்திரம் தீட்டியிருக்கும். எழுத்தறியாத அம்மையார் அந்தச் சித்திரத்தைக் கொண்டே நூலை அடையாளம் கண்டார். யாருமில்லாத வேளையில் ஓர் ஏட்டை உருவியெடுத்துச் சமையலறையில் ஒளித்து வைத்தார். எட்டு வயது மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். ஏட்டின் எழுத்தை ஓலையின் எழுத்தோடு ஒப்பிடுவார்; அவற்றை இளமையிற் கேட்ட எழுத்தொலியோடு பொருத்திப் பார்ப்பார். ஒரு கை அடுப்பு வேலையைச் செய்ய, மறுகையில் முக்காட்டின் மறைவில் ஏடு இருக்கும். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து அல்லது இருபத்தாறு. நெடுநாள் முயன்று, தட்டுத்தடுமாறி, அந்நூலைப் படிக்கும் ஆற்றலைப் பெற்றார்.

பின்னர் அவர் மறைவாக நூல் படிப்பதைக் கணவரின் உடன்பிறந்த கைம்பெண்டிர் அறிந்துகொண்டனர். சினப்பர் என்று அஞ்சியிருந்தார் அம்மையார், அவர்களோ மகிழ்ந்தனர். தாமும் கற்க விரும்பினர். அச்சம் நீங்கியபின் அவ்வீட்டில் நூல் படிக்கும் ஒலி வெளிப்படையாகவே எழுந்தது.

படிக்கக் கற்றவர் எழுதக் கற்றதற்கு இடையிற் பல ஆண்டுகள் கழிந்தன. ஓர் ஏட்டை முக்காட்டினுள் மறைத்துக்கொள்ளலாம். எழுதுவதற்கோ தாளும் மையும் எழுதுகோலும் வேண்டும், அமர ஓர் இடமும் ஓய்ந்த நேரமும் வேண்டும். வெளியூரிற் பயின்ற மகன் கிசோரிலால், தம் கடிதங்களுக்குத் தாய் விடையெழுதாதது குறித்து வருந்தினார். தமக்கு எழுதத் தெரியாதென்று தாயார் கூறவும், தாய் மடல் வாராமல் பிள்ளைகள் எவ்வாறு அயலூரில் இருப்பது என்று சொல்லி, எழுது கருவிகளை வாங்கி வைத்துச் சென்றார். பின்னர்க் கணவரின் நோய்க்கு மருத்துவம் செய்யும் பொருட்டு வேறோர் ஊரில் தங்க நேர்ந்தது. அங்கே வீட்டு வேலை குறைந்தமையால், அம்மையார் எழுதப் பழகினார்.

கணவர் மறைந்தபின், அறுபது வயதை அடுத்த காலத்தில் தம் வரலாற்றின் முதற்பகுதியை எழுதினார். அதில் இறைவனுக்கு நன்றி கூறாத பக்கம் அரிது. தம் வாழ்வில் வந்த நன்மை ஒவ்வொன்றும் அவனுடைய கொடை என்றே பேசுகிறார். ஆயினும் அந்த நன்றியுணர்வு அவரை ஊமையாக்கவில்லை. தாயார் இறக்கும் தறுவாயில் இருந்தபோது சென்று காண இயலாமற் போனதை எண்ணி, தாம் மகனாகப் பிறந்திருந்தால் எங்கிருந்தாலும் பறந்து சென்றிருக்கலாமே என்று புலம்புகிறார். கல்வியை விரும்பியதற்காகப் பெண்ணொருத்தி திருடரைப் போல் ஒளிய வேண்டியிருந்ததே, இது நடுவுநிலைமை ஆகுமா என்று வினவுகிறார். அவ்வாறு வினவும் இடத்திலும் கணவரையோ மாமியாரையோ அவர் பழித்தாரல்லர். மனிதரைக் குறை கூறாது வழக்கத்தைக் குறை கூறிய பண்பு அது. அதனாலேயே அவர் வினா இன்றும் கூர்மை குன்றாதிருக்கிறது.

அவருடைய முதுமைக்குள் காலம் மாறிற்று. கல்கத்தாவில் 1849ஆம் ஆண்டு பெதூன் பெண்கள் பள்ளி தொடங்கப்பெற்றது. பெற்றோர் தாமே முன்வந்து தம் பெண்மக்களைப் படிக்க வைக்கலாயினர். தமக்குக் கிட்டாதது பிறர்க்கு எளிதிற் கிட்டியது கண்டு அம்மையார் சிறிதும் அழுக்காறு கொள்ளவில்லை. இக்காலத்துச் சிறுமியரின் பேற்றை நினைந்து மகிழ்ச்சியே எழுதினார். எண்பத்தெட்டாம் வயதில் மீண்டும் எழுதுகோலை எடுத்து நூலை நிறைவாக்கினார். 1897ஆம் ஆண்டு அது விரிவுற்று வெளிவந்தது. ஜோதிரிந்திரநாத தாகூர் அந்நூலுக்கு முன்னுரை வழங்கினார். அறிஞர் தினேஷ் சந்திர சென் அவர்களும் அதன் எளிய நடையைப் பாராட்டி எழுதினார். அம்மையார் 1899ஆம் ஆண்டு இயற்கை எய்தினார்.