போத்தனூர்த் தாயின் புதல்வர் – ஆலன் டூரிங்



ஆலன் டூரிங் என்ற பெயரை நாம் எல்லோரும் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்போம். ஆனால் அவருக்கும் நம்ம ஊருக்கும் உள்ள உறவு எத்தனை பேருக்குத் தெரியும்? அம்பத்தூரிலும் ஆவடியிலும் நாம் தினமும் ரயில் ஏறுகிறோமே, அது 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்னை ரயில்வே கம்பெனி திறந்த பாதை. அந்தக் கம்பெனியில் பிற்காலத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் எட்வர்டு வாலர் ஸ்டோனி. அவர் மகள் எதெல் சாரா, 1881-இல் கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தார். அந்த அம்மையாரின் இளைய மகன்தான் டூரிங்! தந்தை ஜூலியஸும் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி.

டூரிங் பிறந்தது லண்டனில், 1912 ஜூன் 23 அன்று. பெற்றோர் இங்கே உத்தியோகத்தில் இருக்க, அண்ணனும் தம்பியும் அங்கே பிறர் வீட்டில் வளர்ந்தார்கள். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். 1936-இல், கணக்கைப் படிப்படியாகச் செய்யும் கற்பனை இயந்திரம் ஒன்றைக் காகிதத்திலேயே அமைத்துக் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் இருந்து, ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைப்பதில் முன்னின்றார். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. 1945-இல் ‘ஏஸ்’ என்ற கம்ப்யூட்டருக்கு அவர் திட்டம் எழுதினார். ஒரு வேலையின் நடுவே இன்னொரு சிறு வேலைக்குப் போனால், திரும்பி வர வேண்டிய இடம் நினைவிருக்க வேண்டும் இல்லையா? போகும்போது அந்த இடத்தைக் குறித்துப் ‘புதை’, முடிந்ததும் ‘தோண்டியெடு’ என்று இரண்டு கட்டளைகளை வைத்தார். மளிகைக் கடையில் பில்லைக் குத்தி வைக்கும் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் குத்தியதுதான் முதலில் கைக்கு வரும். இன்று நாம் ஸ்டாக் என்று படிப்பது இதைத்தான். அதில் ஒவ்வொரு சீட்டும் ஒரு ஃப்ரேம்.

இந்த ஆண்டு ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது, ஜி.டி.பி. என்ற டீபக்கரின் ஃப்ரேம் கட்டளைகளைத் தானாகவே சோதிக்கும் புரோகிராம்கள் எழுதுவது. டீபக்கர் அந்தக் கம்பியிலிருந்து சீட்டை எடுக்காமலே படித்துச் சொல்லும். 5-இன் ஃபேக்டோரியலைத் தன்னைத்தானே அழைத்துக் கணக்கிடும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். எண் 1-க்கு வந்ததும் அதை நிறுத்தி ‘பேக்ட்ரேஸ்’ கேட்டால், 0 முதல் 5 வரை ஆறு ஃப்ரேம் வர வேண்டும், ஆறாவது மெயின். ‘அப்’ என்றால் எண் 2 தெரிய வேண்டும். மெயினில் நின்றுகொண்டு மறுபடி ‘அப்’ என்றாலோ, போக முடியாது என்று மறுக்க வேண்டும். மறுப்பதும் ஒரு சரியான விடைதான்! இப்படி வர வேண்டிய பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், கட்டளையைத் தருவதையும் ஒப்பிடுவதையும் சோதனைப் புரோகிராமே பார்த்துக்கொள்ளும். பிழை கண்டுபிடிக்கும் கருவியே பொய் சொன்னால் நாம் யாரிடம் போய்க் கேட்பது?

இந்த வழிக்கும் டூரிங்தான் முன்னோடி. 1949 ஜூன் 24 அன்று கேம்பிரிட்ஜ் மாநாட்டில், பெரிய புரோகிராமைச் சரிபார்ப்பது எப்படி என்று பேசினார். ஒவ்வொரு கட்டத்திலும் எது உண்மையாக இருக்க வேண்டும் என்பதை எழுதியவரே குறித்துத் தர வேண்டும். சரிபார்ப்பவர் ஒவ்வொன்றாகப் பார்த்தால் முழுவதும் சரி என்று தெரிந்துவிடும். இதுவே அவர் கருத்து. அதற்கு அவர் எடுத்துக்காட்டிய கணக்கு எது தெரியுமா? அதே ஃபேக்டோரியல்! பெருக்கல் இல்லாமல், கூட்டலைக் கொண்டே செய்தது.

இத்தனை செய்தவரை அவர் நாடு நடத்திய விதம் நெஞ்சைச் சுடுகிறது. ஓர் ஆணை நேசித்தார் என்பதற்காக 1952-இல் குற்றவாளியாக்கப்பட்டார். சிறைக்குப் பதில் ஹார்மோன் ஊசியை ஏற்றுக்கொண்டார். 1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் மாண்டார். அப்போது வயது 41. அரச மன்னிப்பு வந்தது 2013-இல். அதைப் போன்ற வெள்ளையர் காலச் சட்டத்தின் பிடி நம் நாட்டில் தளர்ந்தது 2018-இல். தவறான சட்டத்தைத் திருத்த எத்தனை ஆண்டுகள்!

அவர் பெயரால் 1966 முதல் டூரிங் விருது வழங்கப்படுகிறது. நம்ம கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி 1994-இல் அதைப் பெற்றார். கிண்டி நமக்கு எவ்வளவு தூரம், தோழர்களே?

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரெகார்டு நோட்டில் ‘அவுட்புட் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதுவதோடு நிற்காதீர்கள். எந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று முன்னாலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த ஒரு வரியே நாம் டூரிங்குக்குச் செலுத்தும் அஞ்சலி!

– மூன்றாமாண்டு மாணவன், கணினித் துறை