பழைய கேமராவுக்கு லென்ஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல பால் ருடால்ஃபைத் தெரிஞ்சுக்கோங்க!

உங்க அண்ணனோ மாமாவோ ஒரு காலத்துல நோக்கியா என்95 வெச்சிருந்தாரா? 2007-ல் அந்த போன் கையில் இருந்தால் தெருவில் தனி கெத்து. அதன் முதுகுப் பக்கம் கேமராவை ஒட்டி, கார்ல் ஸைஸ் என்ற பெயரோடு டெஸ்ஸார் என்று ஒரு சொல் இருக்கும். பலரும் அதை ஏதோ மாடல் பெயர் என்று நினைத்துக் கடந்திருப்பார்கள். உண்மையில் அது 1902-ல் பிறந்த ஒரு லென்ஸின் பெயர். அதை வடிவமைத்தவர் பால் ருடால்ஃப் என்ற ஜெர்மன்காரர்.

இப்போ ஃபிலிம் கேமரா மோகம் திரும்பி வந்திருக்கு. வீட்டுப் பரணில் கிடைத்த பழைய எஸ்.எல்.ஆர். ஒன்று உங்க கையில் இருக்கலாம். அல்லது செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்க யோசித்துக்கொண்டிருக்கலாம். பாடி கிடைத்த மறுநாளே அடுத்த குழப்பம் ஆரம்பிக்கும். எந்த லென்ஸ் போடுறது? 2.8-ஆ, 1.8-ஆ? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, ருடால்ஃபின் வாழ்க்கையைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. ஏன்னா, நீங்க தேர்ந்தெடுக்கப்போற இரண்டு வகை லென்ஸுக்கும் அவர்தான் ஆரம்பம்.

ஓரத்தில் நின்றவர்களின் பிரச்னை

ருடால்ஃப் பிறந்தது 1858 நவம்பர் 14. ஊர், ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள காலா. கணிதம் படித்தவர். 1886-ல் பக்கத்து நகரமான யேனாவில் இருந்த ஸைஸ் நிறுவனத்தில், எர்ன்ஸ்ட் அபே என்ற பெரிய விஞ்ஞானியின் உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது ஸைஸ் என்றாலே மைக்ராஸ்கோப்தான். கேமரா லென்ஸில் அவர்களுக்குப் பெயரே கிடையாது.

அந்தக் காலத்து கேமரா லென்ஸ்களில் ஒரு தொல்லை இருந்தது. குரூப் போட்டோ எடுத்தால் நடுவில் நிற்பவர் முகம் பளிச்சென்று விழும். ஓரத்தில் நிற்பவர்கள் கலங்கிப்போவார்கள். ஓரத்தில் உள்ள ஒரு புள்ளி, புள்ளியாக விழாமல் கோடாக இழுபட்டுவிடும். இதற்கு அஸ்டிக்மாட்டிஸம் என்று பெயர். ஓரத்தைச் சரிசெய்யப் போனால் நடுப்பகுதி கெடும். ஃபோகஸ் விழும் தளமும் தட்டையாக இருக்காது, கிண்ணம் போல வளைந்திருக்கும்.

பாதி வழியைத் திறந்துவிட்டது கண்ணாடிதான். 1884-ல் யேனாவில் ஆட்டோ ஷாட் தொடங்கிய கண்ணாடி ஆலை, பேரியம் கலந்த புதுவகைக் கண்ணாடிகளைத் தயாரித்தது. முன்பக்கம் பழைய பாணிக் கண்ணாடி ஜோடி, பின்பக்கம் புதுக் கண்ணாடி ஜோடி என்று ருடால்ஃப் வைத்தார். முன்ஜோடி செய்யும் தப்பைப் பின்ஜோடி எதிர்த்திசையில் செய்து சமன்படுத்திவிடும். 1890-ல் இப்படி வந்ததுதான் ஸைஸின் அனாஸ்டிக்மாட். பின்னாளில் இதற்கு புரோட்டார் என்று பெயர் வைத்தார்கள். ஓரத்தில் நின்றவர்களுக்கும் முகம் கிடைத்தது. ஸைஸில் புகைப்பட லென்ஸுக்கென்று தனிப்பிரிவு தொடங்கி, அதை ருடால்ஃபிடம் ஒப்படைத்தார்கள்.

ஜெயிக்க வேண்டிய லென்ஸ் தோற்றது

1896-ல் அவர் செய்ததுதான் பிளானார். தட்டையான ஃபோகஸ் தளம் தரும் என்பதால் அந்தப் பெயர். மொத்தம் ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். நடுவில் அப்பர்ச்சர், அதற்கு இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே அமைப்பு. கணக்கில் அருமையான லென்ஸ்.

ஆனா கேமராவில் மாட்டினால் வேறு கதை. வெளிச்சம் காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும், வெளியே வரும்போதும், ஒவ்வொரு முறையும் 4 முதல் 5 சதவிகிதம் திரும்பிச் சிதறிவிடும். பிளானாரில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. கூட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காலி! போனதும் சும்மா போகாது. உள்ளேயே முட்டி மோதிப் படத்தின் மேல் ஒரு வெள்ளைத் திரையாகப் படியும். கறுப்பு சாம்பலாகும், நிறமும் அழுத்தமும் வெளிறிப்போகும். ஃபிளேர் என்று நாம் இன்று சொல்வது இதைத்தான்.

பிளானார் பெரிதாகப் பரவாமல் போனதற்கு இது முக்கியக் காரணம். வடிவமைப்பில் குறை இல்லை. அதற்குத் தேவையான இன்னொரு பொருளைத்தான் அப்போது யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

நாலே கண்ணாடி போதும்

1902-ல் ருடால்ஃப், எர்ன்ஸ்ட் வாண்டர்ஸ்லெப் என்ற இளைய சகாவோடு சேர்ந்து டெஸ்ஸாரைக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் நான்கு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். நான்கு கண்ணாடிகள்தான். அதில் பின்னால் இருக்கும் இரண்டும் ஒட்டியிருக்கும். காற்றைத் தொடும் பரப்பு ஆறாகக் குறைந்தது. செய்வதற்குச் செலவும் குறைவு. படம் கூர்மையாக, அழுத்தமாக வந்தது.

டெஸ்ஸார் பிய்த்துக்கொண்டு போனது. கேமராவின் கழுகுக்கண் என்று ஸைஸ் விளம்பரம் செய்தது. பிற நாட்டு நிறுவனங்கள் உரிமம் வாங்கித் தயாரித்தன. லைக்காவின் எல்மார், சோவியத் நாட்டு இண்டஸ்டார் எல்லாம் இதே நாலு கண்ணாடிக் குடும்பம்தான்.

ஓய்வுக்குப் பிறகு மறுபடியும் வேலை

ஐம்பது வயதைத் தாண்டியதும் ருடால்ஃப் ஸைஸிலிருந்து ஓய்வு பெற்றார். கையில் சேமிப்பு இருந்தது, பெயரும் இருந்தது. கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் முதல் உலகப் போர் வந்தது. போருக்குப் பின் ஜெர்மனியில் விலைவாசி ஏறிய ஏற்றத்தில் பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது. ருடால்ஃபின் சேமிப்பும் கரைந்தது.

61 வயதில் அவர் மறுபடியும் வேலைக்குப் போனார். இந்த முறை ஸைஸ் இல்லை. கோர்லிட்ஸ் நகரில் இருந்த ஹ்யூகோ மேயர் என்ற சிறிய நிறுவனம். அங்கே பிளாஸ்மாட் என்ற புதுக் குடும்பத்தை உருவாக்கினார். சினிமாவுக்காக அவர் செய்த கினோ பிளாஸ்மாட்டின் அப்பர்ச்சர் 1.5. அந்தக் காலத்தில் அப்படி ஒரு லென்ஸ் அபூர்வம். நீங்க எடுத்த ஃபிலிமை இருட்டறையில் பிரின்ட் போடும்போது, என்லார்ஜரில் மாட்டும் நல்ல லென்ஸ்கள் பலவும் இந்த பிளாஸ்மாட் வழியில் வந்தவைதான்.

1935 மார்ச் 8-ம் தேதி, நியூரம்பெர்க்கில் ருடால்ஃப் இறந்தார். வயது 76.

அதே 1935 நவம்பரில், ஸைஸில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்மகுலா ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். லென்ஸின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்றைப் பூசினால் திரும்பிச் சிதறும் வெளிச்சம் வெகுவாகக் குறையும் என்பதுதான் அது. இன்று நாம் கோட்டிங் என்கிறோம். பிளானார் 39 வருஷமாகக் காத்திருந்த பொருள், அதைச் செய்தவர் கண்மூடி எட்டு மாதம் கழித்து வந்தது. ஆரம்பத்தில் அது ராணுவ ரகசியமாகவே இருந்தது. போர் முடிந்த பிறகுதான் சாதாரண கேமராக்களுக்கு வந்து சேர்ந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1950-களிலிருந்து எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பெருகின. அவற்றோடு வந்த நிக்கான், கேனான், பென்டாக்ஸ், ஒலிம்பஸின் 50 மி.மீ., 55 மி.மீ. லென்ஸ்களைத் திறந்து பாருங்க. பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு, தோற்றுப்போன அந்த பிளானார்தான்! இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. ருடால்ஃப் வயதான காலத்தில் பிழைப்புக்காகச் சேர்ந்த அந்த கோர்லிட்ஸ் நிறுவனம், 1960-களில் ஓரஸ்டான் 50 மி.மீ. 1.8 என்று ஒரு லென்ஸ் செய்தது. பின்னாளில் அதன் பெயர் பென்டகான் என்று மாறியது. அதுவும் ஆறு கண்ணாடி, நான்கு தொகுதி.

சரி, நீங்க எதை வாங்குறது?

கடையில் நீங்க பார்க்கப்போவது இந்த இரண்டு வம்சத்தைத்தான்.

டெஸ்ஸார் 50 மி.மீ. 2.8 சின்னது, லேசானது. வெளியூர்ப் பயணம், தெரு, கட்டடம், பகல் வெளிச்சம் என்றால் இது போதும். முழுசாகத் திறந்தால் ஓரம் கொஞ்சம் மென்மையாக இருக்கும். 5.6 அல்லது 8-ல் வெச்சுப் பாருங்க, கழுகுக்கண் என்று ஏன் சொன்னார்கள் என்பது புரியும்.

வீட்டுக்குள், சாயங்கால வெளிச்சத்தில், ஆட்களை எடுப்பதுதான் ஆசை என்றால் பிளானார் வம்சத்து 1.8 அல்லது 2-க்குப் போங்க. எஸ்.எல்.ஆரில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. வியூஃபைண்டரில் நீங்க பார்ப்பதே லென்ஸ் வழியாகத்தான். 2.8-ஐவிட 1.8-ல் சுமார் இரண்டரை மடங்கு வெளிச்சம் வரும். மங்கலான இடத்தில் கையால் ஃபோகஸ் செய்வது சுலபமாகும். பின்னணி சுழல்வது போல வரும் படங்களை இன்ஸ்டாவில் பார்த்திருப்பீங்க. அதற்குப் பெயர்போன ஹீலியோஸ் 44, ஸைஸின் பயோட்டாரை ஒட்டி சோவியத் நாட்டில் செய்தது. அதுவும் இந்த வம்சம்தான்.

வாங்கும் முன் மவுன்டைப் பாருங்க. பழைய லென்ஸ்களில் அதிகம் கிடைப்பது எம்42 எனும் 42 மி.மீ. திருகு மவுன்ட். அடாப்டர் வளையம் போட்டால் கேனான் ஈ.ஓ.எஸ். ஃபிலிம் பாடியில் தூரக் காட்சிக்கும் ஃபோகஸ் ஆகும். நிக்கான் எஸ்.எல்.ஆரில் சாதா வளையம் போட்டால் தூரம் ஃபோகஸ் ஆகாது. நிக்கானில் மவுன்டுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு மி.மீ. இடைவெளி அதிகம், அதுதான் காரணம்.

அடுத்து, உங்க போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடிச்சுப் பாருங்க. சிலந்திவலை போலத் தெரிந்தால் ஃபங்கஸ். நம்ம ஊர் ஈரப்பதத்தில் அது பரவும், வேண்டாம். பனிபோல மங்கல் இருந்தாலும் வேண்டாம். அப்பர்ச்சரைத் திருப்பினால் தகடுகள் சட்டென்று அசையணும். எண்ணெய் பிசுபிசுப்போடு மெதுவாக நகர்ந்தால் சர்வீஸ் செலவைக் கணக்கில் சேர்த்துக்கோங்க. சின்னதா இரண்டொரு தூசி இருந்தால் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது. வாங்கியதும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

ஒரு லென்ஸ் ஹூடும் சேர்த்து வாங்குங்க. பழைய கோட்டிங் இன்றைய கோட்டிங் அளவுக்குத் தாங்காது. பக்கவாட்டிலிருந்து வெயில் அடித்தால், 1896-ல் ருடால்ஃப் பார்த்த அதே வெள்ளைத் திரை உங்க ஃபிலிமிலும் விழும். அதைத் தடுக்க ஹூடைவிட மலிவான வழி இல்லை.

கடைசியா ஒண்ணு. பணம் கொடுக்கும் முன், லென்ஸை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடிங்க. கண்ணாடிக்குள் லைட்டின் பிம்பம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டித் தெரியும். எல்லாமே வெள்ளையாக இருந்தால் கோட்டிங் இல்லாத லென்ஸ். நீலம், ஊதா, மஞ்சள் என்று நிறம் காட்டினால் கோட்டிங் இருக்கு, தாராளமா வாங்கலாம். பால் ருடால்ஃப் தன் பிளானாரில் ஒருநாளும் பார்க்காத நிறங்கள் அவை.